கால்வாய்க் கரையில் இரண்டு மடக்கு சைக்கிள்கள்

லண்டன் பாதாள ரயிலில் வார நாட்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் சாதாரண சைக்கிளை ஏற்ற முடியாது. மடித்துக் கையில் பிடித்துக்கொண்டால் எந்த நேரத்திலும் ஏறலாம். கோட்டு சூட்டு போட்டவர்கள்கூட குட்டிச் சக்கர சைக்கிள் ஒன்றை முழங்காலோரம் வைத்துக்கொண்டு நிற்பதற்கு இந்த விதிதான் பாதிக் காரணம். மீதிக் காரணம் திருட்டு. வெளியே பூட்டிவிட்டுப் போன சைக்கிள் மாலையில் அங்கேயே நிற்கும் என்று லண்டனில் யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். மடித்துவிட்டால் மேசைக்கு அடியில் போய்விடும்.

அக்கா மகன் அல்பர்ட்டனில் குடியிருக்கிறான். வேலை பாடிங்டன் பக்கம். அவனிடம் இரண்டு மடக்கு சைக்கிள்கள். ஒன்று பழைய பிராம்டன். 16 இன்ச் சக்கரம், ரிம்மைக் கவ்வும் பிரேக். இன்னொன்று புதியது, வேறு கம்பெனி; 20 இன்ச் சக்கரம், இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க். புதியதை வாங்கிய பிறகு பழையதை விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டையும் ஓட்டிப் பாத்து நீங்களே சொல்லுங்க மாமா. இங்க யாரைக் கேட்டாலும் டிஸ்க்னுதான் சொல்றாங்க.”

ஊரில் இருந்தவரை சைக்கிளை நானே பிரித்து மாட்டியவன் என்பதால் வந்த மரியாதை அது. அவன் விடுப்பு எடுத்த நவம்பர் நாளொன்றில் திட்டம் போட்டோம்: காலைக் கூட்டத்தோடு ரயிலில் பாடிங்டன் போவது; அங்கிருந்து கால்வாய்க் கரையோடு திரும்பி அல்பர்ட்டனில் சாப்பாடு; பிறகு கிரீன்ஃபோர்டு வரை. வானம் மூடித்தான் இருந்தது. நவம்பரில் அங்கே வேறெப்படி இருக்கும்?

பழையது என்னிடம், புதியது அவனிடம். ஏர்ல்ஸ் கோர்ட்டில் ரயில் மாறும்போது நெரிசல். பிராம்டன் மடிப்பின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் தெரிந்தது. பின்சக்கரம் அடியில் சுருண்டு வர, முன்சக்கரம் வலப்பக்கமாக வந்து அதன்மேல் படிகிறது. செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்கிறது. மொத்தக் கனம் 27 செ.மீ. கால்சட்டையில் கரி ஒட்டாது. அவனுடையதோ சட்டகத்தின் நடுவில் ஒரே மடிப்பு. முன்பாதி இடப்பக்கமாகத் திரும்பி வந்து பின்பாதியோடு ஒட்டி நிற்கும். பிடித்து வைக்க அச்சில் காந்தம். செயின் வெளிப்பக்கம்.

டிஸ்க் பிரேக்கின் தட்டு வழக்கமாகச் சக்கரத்தின் இடப்பக்கம்தான் இருக்கும். அவன் சைக்கிளை மடித்தால் முன்தட்டும் பின்தட்டும் எதிரும் புதிருமாக உள்ளே வந்து நிற்கின்றன. இடைவெளி விரல் கனம்கூட இல்லை. யாரோ ஒருவருடைய சக்கரப் பெட்டி வந்து இடித்தது. காந்தம் விட்டது, பாதிகள் விலகின, மறுபடி மோதின. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பாடிங்டனுக்கு ஒரு நடை தூரத்தில் லிட்டில் வெனிஸ். 1801இல் திறந்த கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையும் பின்னால் வந்த ரீஜன்ட்ஸ் கால்வாயும் சேரும் இடம். குறுகலான நீளப் படகுகளில் குடித்தனம் நடக்கிறது. கூரையில் விறகு, பூந்தொட்டி, ஒரு படகில் துருப்பிடித்த சைக்கிள். அங்கே சைக்கிளை விரித்து ஏறி உட்கார்ந்ததும் அவன் முன்சக்கரத்திலிருந்து சுற்றுக்கு ஒரு தரம் ஷிங், ஷிங் என்று சத்தம்.

தட்டு வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் டிஸ்க்கில் பிரேக் கட்டைக்கும் தட்டுக்கும் நடுவே விடும் இடம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு. தட்டின் கனமே 1.8 மி.மீ. அளவுதான், 1.5க்குத் தேய்ந்தால் மாற்றச் சொல்வார்கள். ரிம் பிரேக்கில் கட்டை ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி நிற்கும். சக்கரம் கொஞ்சம் கோட்டமாக ஓடினாலும் உரசாமல் சமாளித்துவிடலாம். அவன் பையிலிருந்து சுத்தமான துணி எடுத்தான். பின்னால் வெள்ளைக் காகிதத்தை வைத்து, சக்கரத்தைச் சுற்றி, எங்கே வெளிச்சம் மறைகிறது என்று பார்த்து, துணியால் தட்டைப் பிடித்து மெல்ல வளைத்தான். வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் தட்டில் ஏறி, அங்கிருந்து கட்டைக்குள் ஊறிவிட்டால் பிரேக் பிடிக்காது, கீச்சிடும். தட்டைத் துடைத்துவிடலாம், ஊறின கட்டையைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டும்.

“இது எத்தனாவது தடவை?” என்றேன்.

“ரயில்ல ஏறுற நாளெல்லாம் கொஞ்சம் பயந்துக்கிட்டுத்தான் போறேன் மாமா.”

சைக்கிள் ஓடும்போது எந்த பிரேக் நன்றாக நிறுத்தும் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மடக்கு சைக்கிளுக்கு இன்னொரு பிழைப்பு இருக்கிறது. ரயிலில், படிக்கட்டில், காரின் டிக்கியில், அலுவலக மூலையில் அது மடங்கிக் கிடக்கும் நேரம், ஓடும் நேரத்துக்குக் குறைவில்லை. அந்த நேரத்தில் யார் எதை இடிப்பார்கள் என்பதும் பிரேக்கைப் பற்றிய கேள்விதான். மலைப்பாதை சைக்கிளுக்கு எழுதிய தீர்ப்பை அப்படியே இதற்குப் படித்தால் பொருந்தாது.

கால்வாய்க் கரைப்பாதை ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்த வழி. இப்போது நடப்பவர்களுக்கு முதல் உரிமை, சைக்கிளுக்கு அடுத்ததுதான். பாலங்களுக்கு அடியில் பாதை குறுகி, கூரை தாழ்ந்து, எதிரே வருவது தெரியாத வளைவாகிறது. மணி அடித்து, பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டே நுழைய வேண்டும். மற்றபடி ஏற்ற இறக்கம் இல்லை. கேம்டனிலிருந்து கௌலி வரை படகை ஏற்றி இறக்கும் மதகு ஒன்றுகூடக் கிடையாது. தண்ணீர் அவ்வளவு தூரம் ஒரே மட்டத்தில் நிற்கிறது. இந்தப் பாதையில் பிரேக்குக்கு வேலை கொடுப்பவை வாத்துகளும் நாய்களும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களும்தான்.

கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தின் மதில் வரும்போது தூறல் தொடங்கியது. நான் பிரேக்கைத் தொட்டேன். முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. ரிம்மின்மேல் படிந்த நீரைக் கட்டை வழித்துத் தள்ளியது. அடுத்த சுற்றில் பிடித்தது. இது புதுச் செய்தி அல்ல. நம்மூர்ப் பெரிய சைக்கிளை மழையில் ஓட்டியவர்களுக்கு இதைவிட மோசமானது தெரியும். அந்தக் கம்பி பிரேக்கும் இங்கிலாந்திலிருந்து போனதுதான். இரும்புக் கம்பி மேலே இழுக்க, ரப்பர் கட்டை ரிம்மை உள்பக்கமிருந்து அழுத்தும். ரிம்மோ குரோமியம் பூசிய இரும்பு. நனைந்த குரோமியத்தில் ரப்பருக்குப் பிடிப்பே கிடையாது. செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நின்றோம். ரிம் பிரேக் என்றாலே மழைக்கு ஆகாது என்று நம்மில் பலர் நினைப்பதற்கு அந்த நினைவுதான் காரணம் என்று தோன்றுகிறது. அலுமினிய ரிம் வேறு சாதி. நல்ல கட்டை போட்டு, அரைச் சுற்று முன்னதாகத் தொட்டு நீரை வழித்துவிட்டால் மழையிலும் நிற்கும். அரைச் சுற்று முன்னதாக என்பதைக் கை கற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும். அதற்குள் குறுக்கே யாரும் வராமல் இருக்க வேண்டும். டிஸ்க்காரனுக்கு இந்தப் பாடமே தேவைப்படவில்லை. தட்டு தண்ணீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் உயர்ந்து அச்சருகே இருக்கிறது. தொட்டதும் நின்றான். ஈரத்தில் ஒரு தடவை எருமைக் கன்று மாதிரிக் கத்தியது, அவ்வளவுதான்.

ஓல்டு ஓக் தாண்டினால் பார்க் ராயல் தொழிற்பேட்டை. ஹார்ல்ஸ்டன் பிஸ்கட் ஆலையிலிருந்து வெந்த மாவின் வாசம் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. மணலும் களிமண்ணும் சரளைப் பொடியும் கலந்த பாதை அந்த இடத்தில் மோசம். என் பிரேக் சத்தம் மாறியது. கர்ர் என்று அரைபடும் சத்தம். நிறுத்தி, கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கருப்பு ரப்பரில் வெள்ளித் துணுக்குகள் மின்னின. மண் ரிம்மைச் சுரண்ட, சுரண்டிய அலுமினியம் கட்டையில் பதிந்து, அதுவே மறுபடி ரிம்மைச் சுரண்டுகிறது. பேனாக்கத்தியின் நுனியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன்.

சின்னச் சக்கரத்துக்கு இந்தத் தேய்மானம் ஒரு சாபம். பிராம்டன் சக்கரம் ஒரு சுற்றில் 1.3 மீட்டர் சொச்சம் உருளும்; பெரிய சக்கரம் 2.1 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு இது 750 தடவை சுற்றும்போது அது 475 சுற்றோடு முடித்துவிடும். நிறுத்த வேண்டிய ஆளின் எடையோ ஒன்றுதான். அதே சூடு, அதே உராய்வு, சிறிய ரிம்மின் குறைந்த பரப்பில் இறங்குகிறது. ரிம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் சேறும் அதிகம் ஏறுகிறது. ரிம் என்பது சக்கரத்தின் சட்டகம் மட்டுமல்ல, பிரேக்கின் பாதியும் அதுதான். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் சக்கரத்திலிருந்து கொஞ்சம் போகிறது. பக்கச்சுவர் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்து, உள்ளே 100 பி.எஸ்.ஐ. பக்கம் காற்றும் இருந்தால், ஒரு நாள் சுவர் பிளந்துகொள்ளும். அதனால்தான் பல ரிம்களில் ஒரு மெல்லிய கோட்டைப் பள்ளமாக இழைத்து விடுகிறார்கள். கோடு மறைந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. டிஸ்க்கில் தேய்வது தட்டும் கட்டையும். சில திருகுகளைக் கழற்றி வேறு தட்டு மாட்டினால் போதும், சக்கரம் பிழைத்துக்கொள்ளும். டிஸ்க்கின் உண்மையான நியாயம், என் கணக்கில், இதுதான். நிறுத்தும் வலு அல்ல. காய்ந்த சாலையில் இரண்டுமே ஆளை முன்னால் குப்புறத் தள்ளுகிற அளவுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் வலுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நார்த் சர்குலர் சாலையைக் கால்வாய் ஒரு பாலத்தின்மேல் ஏறிக் கடக்கிறது. கீழே லாரிகள் பறக்க, மேலே வாத்து நீந்துகிறது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கே கொஞ்சம் நின்றோம். பிறகு அல்பர்ட்டன். கால்வாயிலிருந்து மேலே ஏறினால் ஈலிங் ரோடு. குஜராத்திக் கடைகளுக்கும் ஈழத்தமிழர் கடைகளுக்கும் நடுவில் கருவாடும் முருங்கைக்காயும் கிடைக்கும். ஈழபதீஸ்வரர் ஆலயம் பக்கத்துத் தெருவில். கொத்து ரொட்டிக் கடையில் இரண்டு சைக்கிளையும் மடித்து மேசைக்கு அடியில் தள்ளினோம். என்னுடையது தள்ளிய இடத்தில் போய் உட்கார்ந்தது. அவனுடையதன் செயின் பக்கத்து நாற்காலிக்காரரின் வெள்ளைச் சட்டையை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. சாப்பிட்ட நேரமெல்லாம் அவன் கண் அங்கேதான்.

வயிறு நிறைந்த பிறகு ஹோர்சென்டன் குன்று. ஏறத்தாழ 85 மீட்டர் உயரம். நம் கண்ணுக்கு மேடு, லண்டனுக்கு மலை. மேலிருந்து பார்த்தால் வெம்ப்லி மைதானத்தின் வளைவு தெரிகிறது. ஏறும்போது இருவரும் இறங்கித் தள்ளினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இறங்கும் சாலை ஈரம், இலைச்சருகு, கடைசியில் கால்வாய்ப் பாலத்தின் குறுகல். இங்கே சைக்கிளை மாற்றிக்கொண்டோம்.

டிஸ்க்கில் ஒரு விரல் போதும். பயமில்லாமல் வேகம் விட்டேன். ஆனால் மடக்கு சைக்கிளுக்கே உரிய ஒன்று அப்போது கையில் தெரிந்தது. ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு உயரமானது. அடியில் கீல் வேறு. அழுத்திப் பிரேக் பிடித்தால் முதலில் அந்தத் தண்டு முன்னால் வளைகிறது, அதற்குப் பிறகுதான் சைக்கிள் கட்டுப்படுகிறது. பிரேக் வேகமாக வளர்ந்துவிட்டது, தண்டு அந்த அளவுக்கு வளரவில்லை. முன்போர்க்குக்கும் அதே கதை. ரிம் பிரேக் போர்க்கின் தலையில் நடுவாக உட்கார்ந்து இரண்டு காலிலும் பாரத்தைப் பங்கிடும். டிஸ்க்கின் கவ்வி இடக்காலின் அடியில் தொங்கி அந்த ஒரு காலை மட்டும் முறுக்கும். அதனால் போர்க்கு தடிக்க வேண்டும், அச்சருகே இடம் அகல வேண்டும், போக்ஸ் கம்பிகள் பின்னிக் கோர்க்கப்பட வேண்டும். எல்லாம் எடை, எல்லாம் மடிப்பின் கனம்.

அவன் பின்னால் பிராம்டனில் வந்தான். வழக்கம்போல இடக்கையை மட்டும் இறுக்கிக்கொண்டு. இங்கிலாந்தில் வலக்கை முன்பிரேக், இடக்கை பின்பிரேக். முன்பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று ஊரில் மோட்டார் சைக்கிள் சொல்லிக்கொடுத்த அண்ணன்மார் காதில் போட்ட பயம், கண்டம் தாண்டியும் போகவில்லை. நிறுத்தும்போது எடை முன்னால் போகிறது. பின்சக்கரம் லேசாகி வழுக்கத்தான் செய்யும். பாலத்துக்கு முன்னால் அவன் பின்சக்கரம் சருகில் கோலம் போட்டது.

“ரெண்டு கையையும் பிடிடா!” என்று கத்தினேன். பிடித்தான். நின்றான். ஈர ரிம்மில், பழைய பிரேக்கில், பாலத்துக்கு வெகு முன்னாலேயே.

கிரீன்ஃபோர்டில்தான் பிராம்டன் ஆலை. கால்வாயிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். ஆண்ட்ரூ ரிச்சி என்ற கேம்பிரிட்ஜ் பொறியாளர் 1970களின் நடுவில் தென் கென்சிங்டனில் தன் வீட்டிலேயே இதை வடிவமைத்தார். ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்டன் ஆரட்டரி தேவாலயத்தின் பெயரையே வைத்தார். இன்றும் சட்டகத்தைப் பித்தளை உருக்கி ஒட்டுகிறவர்கள் தாங்கள் ஒட்டிய இடத்தில் தங்கள் முத்திரையைக் குத்துகிறார்கள். ரிச்சியின் மடிப்புக்காக முன் அச்சின் அகலம் 74 மி.மீ. என்று குறுக்கப்பட்டது, சாதாரண சைக்கிளில் அது 100. தட்டுக்கும் கவ்விக்கும் அங்கே இடமே இல்லை. இடம் செய்து வைத்தாலும், வலப்பக்கம் மடங்கும் அந்தச் சக்கரத்தின் தட்டு வெளிப்பக்கம் வந்து ரயிலில் எல்லோருடைய முழங்காலையும் பார்த்து நிற்கும். 2022இல் வந்த டைட்டானிய டி லைன் 7.45 கிலோவில் தொடங்குகிறது. காசு கொட்டி வாங்குகிற அதிலும் ரிம் பிரேக்தான். 2024 அக்டோபரில் ஜி லைன் என்று 20 இன்ச் சக்கரத்தில் ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் ஹைட்ராலிக் டிஸ்க். கரடுமுரடான பாதைக்கு என்று சொல்லியே விற்கிறார்கள். மடித்தாலும் பெரியது, எடையும் கூடுதல். ரயிலேறுகிறவனுக்கு ஒன்று, சேற்றில் போகிறவனுக்கு ஒன்று என்று ஆலையே பிரித்துவிட்டது. விளம்பரத்துக்காக 16 இன்ச்சிலும் டிஸ்க்கைத் திணிக்காமல் இருந்ததை நான் மெச்சுகிறேன். பாரம் ஏற்றுகிறவர்களுக்கும் மோட்டார் பொருத்தியவர்களுக்கும் தினமும் மேட்டில் இறங்குகிறவர்களுக்கும் டிஸ்க்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சமதரையில் ஐந்தாறு கிலோமீட்டர், நடுவில் ரயில், மேலே மூன்றாம் மாடி என்றால் ரிம் பிரேக்கே போதும்.

கிரீன்ஃபோர்டு ஸ்டேஷனில் ரயில் நிற்பது மேலே. பாதாள ரயில் ஸ்டேஷன்களில் கடைசியாக மிஞ்சியிருந்த மரத்தாலான நகரும் படிக்கட்டு 2014 வரை அங்கேதான் இருந்தது. இப்போது சாய்வாக ஏறும் லிஃப்ட் ஒன்றும் இருக்கிறது. அதில் சைக்கிளை நிறுத்தியபோது பிராம்டனின் பின்ரிம்மில் விரலை ஓட்டினேன். சுவர் குழிந்திருந்தது. முன்ரிம்மில் கோடு தெளிவாக இருந்தது, பின்ரிம்மில் தேடிப் பார்க்கவே முடியவில்லை. இடக்கை செய்த வேலை.

“புது ரிம் போடணும். இதுல இனிமே ரயிலுக்குக்கூடப் போகாதே.”

“கடையில கேட்டேன் மாமா. ரிம் விலையைவிட போக்ஸ் கோக்குற கூலி ஜாஸ்தி. முழு வீலா மாத்துன்னு சொல்றாங்க. ஹப்புக்குள்ள கியர் இருக்கே, அது இன்னும் விலை.”

“ஹப்பு நல்லாத்தானே இருக்கு.”

“அதான் பாக்குறேன். பொங்கலுக்கு வரும்போது வீலை மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்துடவா? நம்ம பஸ் ஸ்டாண்டு கடையில கோத்து, கோட்டம் எடுத்துக் கொடுத்துடுவாரில்ல?”

கோர்த்துவிடுவார். ஆனால் ரிம்மை இங்கேயே வாங்கிக்கொள் என்றேன். நம்மூர்க் குழந்தைகள் சைக்கிளுக்குப் போடும் 16 இன்ச் 305 மி.மீ.; இது 349. அங்கே போய்த் தேட முடியாது. அவன் குனிந்து துளைகளை எண்ண ஆரம்பித்தான். இருபத்தெட்டு. கம்பி நீளத்தையும் அளந்து எழுதிக்கொள் என்றேன்.